ஊட்டிப் பழகிய கை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெனிஸ்டன் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். ராத்திரி முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிறவன். முந்தின ராத்திரி வந்த கப்பல் பெரியதா சின்னதா என்பதை, காலையில் அவன் படியேறும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கீழே மளிகைக்கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறென்ன வேலை.

அவன் ஏறும்போது அவன் மனைவி ஜெனிலா இறங்குவாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வயது ரெனிஷ் படியில் வைத்தே அம்மா இடுப்பிலிருந்து அப்பா தோளுக்கு மாறுவான்.

"பால் குடிச்சிட்டான். சோத்தை அவனே ஸ்பூன்ல சாப்பிடட்டும். கையால ஊட்டிராதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவன் தலையை ஆட்டுவான். சம்மதித்து ஆட்டுகிறானா, தூக்கத்தில் ஆடுகிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஸ்பூனுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தானாக ஸ்பூனில் சாப்பிடும் பிள்ளையைத்தான் சேர்ப்பார்கள், ஊட்டிவிட அங்கே ஆள் கிடையாது. ஜூன் மாதத்தோடு இடம் நிரம்பிவிடும். ரெனிஷுக்கு இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதென்று ஜெனிலா முடிவு செய்திருந்தாள். படாத பாடு பட்டுப் படித்து வாங்கிய வேலை. ஆனால் பகலில் தூங்காத ஆளை எத்தனை நாள் அந்தக் கூண்டுக்கு அனுப்ப முடியும்? ஒரு நிமிஷம் கண் அசந்தால் கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

ரெனிஷோ ஸ்பூனைக் கண்டால் சிரிப்பான். நன்றாகவே பிடிப்பான், தயிர்ச்சோற்றை அள்ளவும் செய்வான். அள்ளியதைத் தன் வாய்க்கு மட்டும் கொண்டுபோக மாட்டான். பொம்மை யானையின் வாயில் வைப்பான். இல்லையென்றால் அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டுவான்.

"ஒன் வாய்க்குலே, ஒன் வாய்க்கு," என்று பெனிஸ்டன் கெஞ்சுவது கடை வரைக்கும் கேட்கும். பிறகு பிள்ளை பசியில் கத்துவது கேட்கும். அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. கையால் ஊட்டுகிறான் என்று புரிந்துகொள்வேன். ஊட்டிவிட்டு, தரையெல்லாம் கிடக்கும் சோற்றைத் துடைத்துவிட்டு, பிள்ளை தூங்கும் கொஞ்ச நேரம் தானும் கண் மூடுவான். அவ்வளவுதான் அவன் தூக்கம். ஒருநாள் கடைக்கு வந்து சோப்பு கேட்டான். நான் எடுத்துத் திரும்புவதற்குள் நின்றபடியே தூங்கிவிட்டான்.

"என்னலே இது?"

"கன்டெய்னரை லாரி மேல இம்மி பிசகாம வச்சிருவேன் அண்ணாச்சி. இந்தப் பயலை ஒரு வாய்ச் சோறு தானா திங்க வைக்க முடியல."

காப்பகத்தில் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்ன அன்று ஜெனிலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெனிஸ்டனைப் பைக் ஓட்டவிடப் பயந்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். காப்பகத்தை நடத்தும் வேல்விழி மேடம், ஒரு குட்டை மேசையில் ரெனிஷை உட்காரவைத்து, கிண்ணத்தில் பருப்புச் சோறும் ஸ்பூனும் வைத்தார். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது.

ரெனிஷ் ஸ்பூனை எடுத்தான். ஒரு பருக்கை சிந்தாமல் அள்ளினான். பெனிஸ்டன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பயல் அப்படியே திரும்பி அந்தப் பெண்பிள்ளையின் வாயில் வைத்தான். அதுவும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. அடுத்த வாயும் அதற்குத்தான். ஒவ்வொரு தடவையும் "ஆ" என்று தன் வாயையும் திறந்து காட்டினான். கிண்ணம் காலியானதும் அந்தப் பிள்ளையின் வாயோரத்தை விரலால் வழித்துவிட்டான். வேல்விழி மேடத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்போம் சார். அதுக்கு மேல இடம் வச்சிருக்க முடியாது," என்றார்.

திரும்பும்போது பாதி வழியில் பெனிஸ்டன் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல யாரு ஸ்பூன்ல சாப்பிடுதா? நானும் கையால திங்கேன், அவளும் கையால திங்கா. மருந்தோ கஞ்சியோ, ஸ்பூன் ஒரு ஆள் கையிலேருந்து இன்னொரு ஆள் வாய்க்குப் போறதைத்தான அவன் பாத்திருக்கான். அவன் சரியாத்தான் செய்தான். நாந்தான் இத்தனை நாளும் அவனை ஏசிட்டேன்."

எனக்கும் சுருக்கென்றது. என் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது, சீனி டப்பாவைத் தாண்டி ஸ்பூன் வெளியே வந்ததில்லை.

அன்றிலிருந்து மாடியில் எல்லோருக்கும் ஸ்பூன்தான். மீன்குழம்புச் சோற்றை ஸ்பூனில் சாப்பிடுகிற கொடுமையை நான் நேரில் பார்த்தேன். பெனிஸ்டன் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளும் தெரியாமல் ருசியும் தெரியாமல், சட்டையெல்லாம் குழம்பு சிந்த, ஒவ்வொரு வாயையும் பிள்ளை பார்க்கும்படி உள்ளே தள்ளினான். ரெனிஷ் முதலில் அப்பாவுக்கு ஊட்டவே வந்தான். அதையும் வாங்கிக்கொண்டு இவன் தன் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துக் காட்டினான். நடுவில் தலை தொங்கிவிடும். பிள்ளை ஸ்பூனால் கன்னத்தில் தட்டி எழுப்பும். பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுவாரம் காப்பகத்தில் ரெனிஷ் பக்கத்துப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான். ஸ்பூன் அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு தன் வாய்க்குள் போட்டுக்கொண்டான். இடம் கிடைத்தது. ஜெனிலாவுக்கு போன் போட்ட பெனிஸ்டன் அதை என்னிடமே கொடுத்துவிட்டான். நான்தான் சொன்னேன்.

ரெனிஷ் காப்பகத்துக்குப் போன முதல் நாள், என் மனைவி பகவதி வைத்த பாறைமீன் குழம்பை எடுத்துக்கொண்டு மத்தியானம் மாடிக்குப் போனேன். அப்போதும் பெனிஸ்டன் தூங்கவில்லை. "அவன் திரும்பிக்கூடப் பாக்கல அண்ணாச்சி," என்றான். தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டான். ஸ்பூனைத் தேடவில்லை. ஒரு துண்டு மீனை எடுத்து, காரம் போகத் தண்ணீரில் அலசி, விரலால் தடவித் தடவி முள் எடுத்தான். வெறுஞ்சோற்றில் வைத்துக் குழையப் பிசைந்து, சின்னதாக ஒரு உருண்டை பிடித்துத் தட்டோரம் வைத்தான்.

"யாருக்குலே?" என்று கேட்டேன்.

உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது.

"தூக்கம் இல்லல்லா, அதான்," என்றான். பிறகு அதை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மெதுவாக மென்றான்.

"உப்பே இல்ல அண்ணாச்சி. இதையா அவன் இவ்வளவு நாளும் அப்படி வாயைத் தொறந்து வாங்கினான்?"