உப்பு வண்டியின் உடைந்த லிங்க்

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொன்னவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். எங்கள் உப்பு மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டியின் முன்பக்கம் இரண்டு நாளாக லொடக் லொடக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பள்ளம்கூட வேண்டாம், தெருமுனையில் திரும்பினாலே வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. "உப்பளத்துப் பாதை அப்படி இருக்குது மாமா" என்று நான் சொன்னதற்குத்தான் அந்தப் பழமொழி. அதோடு விட்டாரா? பொம்பளை ஓட்டினால் வண்டி இப்படித்தான் ஆகும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். உப்பு வாரும் நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டார். அப்போதுதான் நான் லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். பாத்திக்கரையில் மூட்டை ஏற்றி, மரக்காணம் குடோனில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் திரும்புகிற வளைவுகள் அவைதான். அதைப் பிடுங்கத்தான் இந்தப் பேச்செல்லாம் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது.

"ஓடாத வண்டிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற? வெள்ளிக்கிழம அண்ணன் ஒரு ஆள கூட்டினு வர்றாராம். குடுத்துடு."

"அதுக்குள்ள ஓடுச்சின்னா?"

"ஓடுற வண்டிய யாராச்சும் விப்பாங்களா?"

"இந்த வார்த்தைய மறந்துடாதீங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் குனிந்து பார்த்தார். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பி ஒன்று முன்பக்கம் குறுக்கே போகிறது. அதைச் சக்கரத்துப் பக்கம் கோத்து வைக்கிற ஒரு சாண் துண்டுக்கு லிங்க் என்று பேர். இடதுபக்க லிங்க் உப்பு அரித்து இரண்டாக உடைந்திருந்தது. "டிரைவர அனுப்பும்மா, பேசிக்கிறேன்" என்றார். நான்தான் டிரைவர் என்றேன். சிரித்தார். "திங்கக்கிழம பாக்கலாம்" என்றார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கீழே தொங்கிய உடைந்த பாதியை அவர் எதிரிலேயே ஆட்டிப் பிடுங்கினேன். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். பெருமுக்கல் தாண்டும்வரை பக்கத்தில் இருந்த அம்மா என் பையில் என்ன ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் மட்டும் நியாயமான மனுஷர். துண்டை வாங்கிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் மாத்துங்கம்மா. ஒண்ணு போனா இன்னொண்ணும் போவும்" என்று ஜோடியாகக் கொடுத்தார்.

வியாழக்கிழமை நட்டுகளில் டீசலை ஊற்றி ஊறவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலையில் இறங்கினேன். போனில் ஒரு வடநாட்டுக்காரர் இந்தியில் விளக்குகிற வீடியோ. பாஷை ஒரு மண்ணும் புரியவில்லை, கை புரிந்தது. நட்டு மட்டும் அசைய மாட்டேன் என்றது. ஸ்பேனரில் பைப்பை மாட்டி மேலே ஏறி நின்றேன். நட்டின் மூலை மழுங்கியதுதான் மிச்சம். சரி, உனக்கு மரியாதை எதற்கு என்று ஆக்ஸா பிளேடில் துணி சுற்றி அறுக்க ஆரம்பித்தேன். வலதுபக்கம் விழுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

புது லிங்கை மாட்டப் போனால் ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் இரண்டு விரல் தூரம். அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். தப்பான சாமானைக் கொடுத்துவிட்டானா பாவி என்று நியாயமான அந்த மனுஷரையும் திட்டினேன். பிறகுதான் வீடியோவை மறுபடி பார்த்தேன். அந்த ஆள் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் இருந்தன. நான் ஒருபக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, கம்பியை முறுக்கி வைத்திருந்தேன். ஜாக்கியை இறக்கி, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். போல்ட் தானாகப் போய் உட்கார்ந்தது.

நட்டுகளை முடுக்கிவிட்டுப் பழைய லிங்குகளை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லிங்கின் மூட்டுகளை மூடியிருந்த ரப்பர் உப்பி, பிளந்து, சாம்பாரில் ஊறிய வடையாட்டம் கையோடு வந்தது. உள்ளே முழுக்க உப்பும் துருவும். முகர்ந்தேன். வேஸ்ட் ஆயில்.

எங்கள் பக்கத்தில் உப்பு வண்டிக்கு அது ஒரு சடங்கு. அமாவாசைக்கு அமாவாசை வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன் அடிப்பாகம் முழுக்க இஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெயைத் தடவுவோம், துரு ஏறக்கூடாது என்று. இரும்புக்கு நல்லதுதான். ரப்பருக்கு அது எமன். "ஒரு எடம் விடாம தடவு" என்று மூத்தார் தலைமாட்டில் நின்று சொல்வார். நானும் தேங்காய் நாரை முக்கி முக்கி ஒரு இடம் விடாமல் தடவியிருக்கிறேன். அவர் சொல்லி, நான் தடவி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழித்த ரப்பர் அது. பழி மட்டும் நான் வண்டி ஓட்டியதற்கு!

பதினோரு மணிக்கு மூத்தார் அந்த ஆளோடு வந்தார். கிளியனூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை. என் சேலையெல்லாம் கிரீஸ். "ஏறுங்க" என்றேன். அவர்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து உப்பளக் கரை வரைக்கும் ஓட்டினேன், குடோன் வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். மூத்தார் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். வண்டி சாயவில்லை. லொடக்கென்று ஒரு சத்தம் இல்லை.

இறங்கியதும் வெள்ளைச் சட்டைக்காரர் மூத்தாரைப் பார்த்துக் கேட்டார்: "வண்டி கல்லாட்டம் இருக்குது. இத எதுக்குங்க விக்கிறீங்க?"

மூத்தார் என்னைப் பார்த்தார். நான் உப்பிப்போன ரப்பரை மட்டும் அவர் கையில் வைத்தேன். முகர்ந்தார். "விக்கலங்க" என்றேன் வந்தவரிடம். "டீ சாப்புட்டுப் போங்க."

அடுத்த அமாவாசைக்கு மூத்தார் எண்ணெய் டின்னோடு வந்தார். வழக்கம்போல நாரை நீட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தானே சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார்.

"ஏம்மா, எங்கெங்க தடவக்கூடாது, சொல்லு."

நான் டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே சொன்னேன்.