ஒரு செட் எடுத்தால் போதும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூலை மாதச் சாரலில் ஏற்காடு நனைந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஏரிக்குப் பக்கத்தில் மிளகு, காப்பித்தூள் விற்கும் கடை எனக்கு. டென்னிஸ் பைத்தியம் வேறு. மேட்ச் தொடங்கும் முன்பே ஸ்கோர் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் பலிக்கும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. மறுநாள் காலைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். நச்சரிப்புத் தாங்காமல், கடை டிவியைக் காட்டி வாயை விட்டேன்.

"அந்தச் சின்னப் புள்ள ஒரு செட் எடுக்கட்டும், நீ போலாம்."

உலகின் முதல்நிலை ஆட்டக்காரியோடு, தகுதிச் சுற்றில் தப்பிப் பிழைத்து வந்த பேர் தெரியாத பெண் மோதும் ஆட்டம். ஆறு–ஒன்று, ஆறு–இரண்டு என்று கணித்திருந்தேன். 'போகாதே' என்று சொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடைக்குமா?

முதல் செட் ஆறு–ஒன்று, நான் சொன்னபடியே. இரண்டாவதில் அந்தப் பெண்ணுக்கு என்ன வந்ததோ, நான்கு–இரண்டு என்று முன்னே போய்விட்டாள். மகள் நகம் கடிக்க ஆரம்பித்தாள். அப்போது பார்த்துக் கரண்ட் போனது. கூடவே செல்போன் சிக்னலும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பினேன்.

"ஏனுங்கத்தா, செத்த உக்காருங்க. எனக்கு நொம்ப படபடங்குது" என்றாள் மகள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவது.

முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி போகையில், என் வாய் முணுமுணுப்பது எனக்கே கேட்டது. "எடுத்துரு கண்ணு, எப்படியாச்சும் எடுத்துரு." தூக்கிவாரிப் போட்டது. கண்ணு என்று நான் கூப்பிடுவது என் மகளை மட்டும்தான்.

சிக்னல் கிடைத்தது. ஆறு–ஒன்று, ஆறு–நான்கு. அந்தப் பெண் தோற்றுவிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன். அழுகைதான் வந்தது.

கடைக்குத் திரும்பினால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் என் முகத்தையே பார்க்கிறாள்.

"ரெண்டாவது செட்டு அந்தப் புள்ளதான் கண்ணு. வேலைல சேர்றேன்னு சொல்லிரு."

சொல்லி வாயை மூடவில்லை, கரண்ட் வந்துவிட்டது. டிவியில் முதல்நிலைக்காரி மைக் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள், கீழே ஸ்கோர். மகள் அதைப் படித்தாள். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"நீங்க சொன்னா சரிதானுங்கத்தா" என்றபோது அவள் குரல் உடைந்திருந்தது.

இன்றுவரை அந்த ஸ்கோரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பெண் ஒரு செட் எடுத்திருந்தால் என் மகளை அனுப்பியது அவளாக இருந்திருக்கும். அவள் தோற்பாள் என்ற என் கணிப்பு பலித்துத் தொலைத்ததால்தான், மகளை மனசார அனுப்பிய அத்தாவாக நான் ஆனேன்.