சிகரெட் அட்டை வைத்த பக்கம்

தொண்ணூற்றொன்றாம் வருஷம். எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பேரை ஊர் உலகமெல்லாம் சொன்னதே, அதே வருஷம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்குச் சில மாசம் கழித்து, மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கம்பெனி கேட்டில் எனக்கு நடந்தது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயசு. பிள்ளைப்பாக்கத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி. பெருக்குவது, துடைப்பது, ஆபீஸ் ரூமுக்கு டீ கொண்டுபோவது என் வேலை. பெருக்குகிறவள்தானே என்று ஒருத்தரும் என்னை ஒரு சொல் சொல்லிவிட முடியாது. நான் துடைத்த தரையில் இலை போடாமல் சோறு தின்னலாம்.

படிப்பு இரண்டாங்கிளாஸோடு சரி. எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க நேரமாகும். ஆனால் படக்கதைப் புத்தகம் என்றால் எனக்கு உயிர். படத்தைப் பார்த்துக்கொண்டே போனால் பாதி கதை புரிந்துவிடும், மீதிக்குத்தான் எழுத்து. ஸ்ரீபெரும்புதூரில் பழைய பேப்பர் கடைக்காரர் படக்கதை வந்தால் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். அப்படிச் சேர்த்ததே ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தது. "பொட்டி கனத்தைப் பார்த்து நகைன்னு நெனைச்சு எவனாவது திருடிக்கினு போவான், பாவம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் நான் கதை சொன்னால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெரிய மிஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒருத்தரும் கூட வந்தார். ஜப்பான் சார் என்போம். ஒல்லியான ஆள். தமிழ் கிடையாது, இங்கிலீஷும் கொஞ்சம்தான். மெட்ராஸில் தங்கிக்கொண்டு தினம் காரில் வந்து போவார். அவருக்கு அவர் ஊரிலிருந்து பார்சல் வரும். பிரித்தால் உள்ளே புத்தகம். டெலிபோன் டைரக்டரி தண்டிக்கு இருக்கும். காகிதம் நம் நோட்டீஸ் காகிதம் மாதிரி, கொஞ்சம் பக்கம் ரோஸ், கொஞ்சம் பக்கம் பச்சை. எல்லாம் படக்கதை! ஒரு புத்தகத்தில் இருபது கதை இருக்கும், எல்லாம் தொடர்கதை. மங்கா என்று அதற்குப் பேர் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பார். முடித்ததும் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். முதல் தடவை அதைக் கூடையில் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. எடுத்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன். கேட் வாட்ச்மேன் அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு, "குப்பைதானே, எடுத்துக்கினு போ" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் விளங்காது. எனக்கு மட்டுமா, ஊரில் எந்தப் பெரிய படிப்புக்காரருக்கும் விளங்காது. அந்தப் புத்தகத்துக்கு முன்னால் நானும் அவர்களும் ஒன்று! அதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கடலோரம் ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி, படகில் போகிற புருஷன். முதல் பக்கத்தில் படகு உடைந்து கிடக்கிறது, அவன் தண்ணீருக்குள் போகிறான். அப்புறம் மேலே வருகிறான். உடைந்த படகு ஒன்று சேர்கிறது. கடைசியில் வீட்டில் பெண்டாட்டியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். மறுநாள் மத்தியானம் சோறு சாப்பிடுகிற இடத்தில் பெண்களுக்கெல்லாம் இதை நீட்டி முழக்கிச் சொன்னேன். "அவ செஞ்ச புண்ணியம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற என் சிநேகிதி.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. கதை நெடுக அந்த வீட்டு ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. முதலில் குட்டையாக இருக்கிறது, போகப் போக நெட்டையாகிறது. நாங்கள் மாதா கோயில் ஜனங்கள். எத்தனை மெழுகுவத்தி ஏற்றியிருப்பேன். எந்த ஊரில் எரிய எரிய மெழுகுவத்தி வளரும்? புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினேன். மெழுகுவத்தி கரைந்தது. அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்கு அதுதான் முதல் பக்கம். கட்டங்களையும் வலது பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்து என்ன? வீட்டில் சாப்பிட்டவன் கடலுக்குப் போய் முழுகிவிட்டான்.

மறுநாள் இதைச் சொன்னதும் பெண்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். "இன்னாக்கா, நேத்து பொழைச்சான்ன, இன்னிக்கு சாவடிக்கிற?" "ஏன்க்கா, உனக்குக் கதை தெரியுமா, இல்ல எங்க வாயைப் பார்த்து நீயே கட்டிவிடுறியா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த புக்கு வரட்டும். அவன் இன்னா ஆனான்னு திங்கக்கிழமை சொல்றேன். சொல்லலன்னா என்னைக் கேளுங்கடி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த புத்தகம் வந்தது. ஆனால் சனிக்கிழமை ஆகியும் ஜப்பான் சார் முடிக்கவில்லை. சாயங்காலம் ரூம் பெருக்கப் போனேன். அவர் மிஷின் பக்கம் இருந்தார். புத்தகம் மேஜை மேல். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. இன்றைக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவர் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எடுத்து டிபன் பையில் வைத்தேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலரை மணிக்குக் கேட்டில் வரிசை. அன்றைக்குப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் ஆபீஸரும் நின்றிருந்தார். சாமான் காணாமல் போகிறது என்று அந்த வாரம் அவரே பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாசம்தான் இரண்டு கையுறைக்காக ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் இருபது பெண்கள்.

"இன்னாம்மே, பை இம்மாங் கனமா கீது? ரெண்டு ஆள் சோறு துன்றியா?" என்று வாட்ச்மேன் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் திறந்தார். ஆபீஸர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"பழைய புக்கு சார்."

"கேட் பாஸ் எங்க?"

"குப்பையில கெடந்துச்சு சார்."

இந்த ஒரு வரி என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் என் காது கேட்கிறது. வாட்ச்மேன் அண்ணன் பாவம், எனக்காகப் பேசினார். "ஆமா சார், இந்தம்மா எப்பவும் எடுத்துக்கினு போறதுதான். குப்பைதான் சார்."

ஆபீஸர் அட்டையைத் தடவிப் பார்த்தார். "குப்பைன்னா இப்படிப் புதுசாவா இருக்கும்? எடுத்ததுன்னா எடுத்தேன்னு சொல்லு."

"என் தாய் மேல சத்தியமா குப்பைதான் சார். இத்தனை வருஷத்துல ஒரு ஊசி தொட்டிருப்பேனா? எல்லாரையும் கேட்டுப் பாருங்க" என்று நான் சத்தமாகவே சொன்னேன். பின்னால் என் சிநேகிதி நின்றிருந்தாள். அவள் ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

அப்போதுதான் ஜப்பான் சாரின் கார் கேட்டுக்கு வந்தது. அவர் இறங்கி வந்தார். ஆபீஸர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். அவர் வாங்கினார். வாங்கின வேகத்தில் புத்தகம் தானாகவே ஒரு இடத்தில் திறந்தது. நடுப்பக்கத்தில் ஒரு சிவப்புச் சிகரெட் அட்டைத் துண்டு. அதுவரை படித்திருக்கிறார், அடையாளம் வைத்திருக்கிறார். எடுக்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அவர் அட்டைத் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி படித்த புத்தகத்தை யார் குப்பையில் போடுவார்கள்? சரி, நாளையிலிருந்து வேலை இல்லை, அதைவிட இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று ஆகப்போகிறேன் என்று நினைத்தேன்.

அவர் அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்தார். ஆபீஸர் பக்கம் கையை மறைத்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "வேஸ்ட், வேஸ்ட். ஐ கிவ்" என்றார். தலையை லேசாகக் குனிந்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "இன்னா, அந்தாளு பொழைச்சானா?" என்றார். "தெரியாது. நான் பார்க்கல" என்றேன். புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்கவும் மனசு வரவில்லை, பெட்டி மேலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அது கரைகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சீக்கிரமே போய் புத்தகத்தை மேஜை மேல் பழைய இடத்தில் வைத்தேன். வைத்தால் போதுமா? சொல்ல வேண்டாமா? என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. சாமான் சுற்றி வருகிற பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்தேன். மிஷின்காரர்கள் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று எடுத்தேன். கோலம் போட்ட கைதானே. அவர் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஆறு கட்டம் போட்டேன். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மேஜை மேல் புத்தகம். துடைப்பத்தோடு ஒரு பொம்பளை. அவள் கை புத்தகத்தை எடுக்கிறது. கேட்டில் மீசைக்காரர், அதுதான் வாட்ச்மேன் அண்ணன், பையைத் திறக்கிறார். பொம்பளை வாயைத் திறந்து ஒரு குப்பைக்கூடையைக் காட்டுகிறாள். கடைசிக் கட்டத்தில் அந்தக் கூடையை மட்டும் பெரிதாகப் போட்டு, அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு இழுத்தேன். கூடையில் இல்லை என்று அர்த்தம்.

அவர் வந்ததும் நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். வலது பக்கத்திலிருந்துதான். மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு நான் எதிரில் நிற்க, அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, தான் விட்ட பக்கத்தைத் தேடி அதற்குள் அடையாளமாக வைத்தார்.

மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "சனிக்கெழமை நான் சொன்னது பொய்டி. கூடையில இல்ல, மேஜை மேலர்ந்து எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

என் சிநேகிதி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள்.

"இன்னாத்தைத் தெரியும்?"

"அன்னிக்கு மத்தியானம் நீ மேஸ்திரி கூப்ட்டாருன்னு போய்ட்ட. உனக்குப் பதிலா அந்த ரூம் கூடையை நான்தானே கொட்டினேன். புக்கு மேஜை மேல, நடுவுல செவப்பு அட்டை வெச்சு இருந்துச்சு. பாதி படிச்சதை யாரு கூடையில போடுவா?"

"அப்ப ஏண்டி அங்கியே சொல்லல?"

"நீ ஊசி தொடலன்னு சத்தியம் பண்ணிக்கினு இருந்த. நடுவுல பூந்து நான் இன்னாத்தைச் சொல்றது? சோறு துன்னுக்கா."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். என்னை மாதிரி நேர்மையானவள் அந்தக் கம்பெனியிலேயே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அது அன்றைக்கு அந்த ரசத்தோடு போயிற்று.

வியாழக்கிழமை ரூம் பெருக்கப் போனபோது கதவோரம் ஸ்டூல் மேல் அந்தப் புத்தகம் இருந்தது. அதன் மேல் ஒரு கேட் பாஸ், என் பேரில். 'பழைய புத்தகம் ஒன்று' என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். "உனக்கு ஜப்பான்லேர்ந்து சிபாரிசு வருதும்மா" என்று ஆபீஸர் முணுமுணுத்துக்கொண்டேதான் அதில் கையெழுத்துப் போட்டாராம். அதற்கப்புறம் ஒரு புத்தகமும் கூடைக்குப் போகவில்லை. என் காகிதம் மட்டும் ஸ்டூலுக்கு வரவே இல்லை. ஒரு புத்தகத்திலிருந்து அடுத்த புத்தகத்துக்கு அவரோடேயே போய்க்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் வருவதற்குள் மிஷின் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார். கதை முடியவில்லை. எனக்குக் கிடைத்த கடைசிப் புத்தகத்தில் அந்தப் பெண்டாட்டி தானே ஒரு படகை எடுத்துக்கொண்டு புருஷனைத் தேடிக் கடலுக்குப் போகிறாள். அதோடு நிற்கிறது. ஒன்பது புத்தகமும் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவன் பிழைத்தானா என்று இப்போதும் கேட்பவர்கள் உண்டு. தெரியாது என்றுதான் சொல்வேன். தெரியாததை நீட்டி முழக்குவதில்லை.

அதற்குச் சில வருஷம் கழித்து, பொம்பளைகள் பையை ஆம்பளை துழாவுவதா என்று எங்கள் பெண்கள் சண்டை போட்டார்கள். அந்த வேலைக்கு என்னையே கேட்டில் நிறுத்தினார்கள். நான் வயசாகி வேலையை விடுகிறவரைக்கும் அங்கேதான் நின்றேன். யார் பையையும் உடனே திறக்கச் சொன்னதில்லை. முதலில் கொஞ்ச நேரம் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். "அக்கா, ஒரு சாமானை மறந்து பையில போட்டுக்கினேன், உள்ள வெச்சிட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். என்ன சாமான் என்று ஒருத்தியையும் நான் கேட்டதில்லை. எனக்காக ஒருத்தர் ஒரு சிவப்பு அட்டைத் துண்டைச் சட்டைப் பைக்குள் ஒளித்தாரே, அதற்குப் பதிலாகக் கொஞ்ச நேரத்தையாவது நான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா?