முழு செட்டும் அனுப்பிய மாமா

என் வீட்டுக்காரர் அத்தை மகன் என்பதால் இன்றைக்கும் எனக்கு மாமாதான். திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அடையாளச் சான்றுகளை போனிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள ஓர் ஆப் செய்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நம்ப காயிதமெல்லாம் நம்ப போன்லதான் இருக்கும். பிளாக்செயின்னு யாராலயும் திருத்த முடியாத பொதுக் கணக்கு ஒண்ணு, அதுல இருக்கிறது, இது அசலுன்னு சொல்ற முத்திரை மட்டும். யார் கேட்டாலும், இன்னா வேணுமோ அத்த மட்டும் காட்டலாம். முடிவு நம்ப கையில."

"சரி மாமா, துன்னுட்டு சொல்லு" என்பேன்.

அப்போது எனக்கு ஆறாம் மாசம். எங்கள் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து பஸ் மாறி மாறி இருவரும் திருப்பதிக்கு வேலைக்குப் போய்வந்தோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பிள்ளை பிறப்பதற்குள் திருப்பதியிலேயே ஒரு வாடகை வீடு கிடைத்தாக வேண்டும்.

ஒரு நல்ல வீடு அமைந்தது. வீட்டு உரிமையாளரின் மருமகன் அதே ஆப்பை வைத்திருந்தார். பெயரும் வேலை பார்க்கும் இடமும் போதும் என்றார். மாமா பெருமையாக விரலை வைத்தார். கேட்ட இரண்டைத் தொடுவதற்குப் பதில் முழு செட்டையும் தொட்டுவிட்டார், மொத்தமும் போய்விட்டது. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே சாதிச் சான்று!

வெளியே வந்ததும், "மூளை கீதா உனக்கு?" என்று கத்தினேன். ஆனால் எங்கள் தெருவில் படித்தவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. ஹாஸ்டலோ, ஸ்காலர்ஷிப்போ, காலேஜ் சீட்டோ, எதற்குப் போனாலும் முழு செட் கொடுக்க வேண்டும், சாதிச் சான்று மேலே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல ஆபீசில் நாளைக்கு வா என்று விரட்டுவார்கள். எங்களைப் படிக்கவைத்த காகிதம் அது. அதைக் காட்டாமல் இருக்க அவர் விரலுக்குத் தெரியவில்லை.

மறுநாளே போன் வந்தது. அந்த வீட்டுக்கு அவர்களுடைய உறவுக்காரர்கள் யாரோ குடிவருகிறார்களாம்.

"அனுப்பினத திருப்பி வாங்க முடியாதா மாமா?"

"அவங்க பாத்துட்டாங்களே" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. எனக்குக் கோபம்தான், ஆனால் அவர்மேல் இல்லை.

அடுத்த வீட்டில் கேட்ட இரண்டை மட்டும், பார்த்துப் பார்த்து அனுப்பினார். அந்த வீட்டுக்கார அம்மா சரிபார்த்துவிட்டு எங்களுக்குக் காப்பி கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

மாமா என்னைப் பார்த்தார். போனில் அவ்வளவு கவனமாக இருந்தவர், பாவம், காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி வாங்கிய வீட்டில் என் பிள்ளை தவழ்வதை நினைத்தாலே உடம்பு கூசியது. அதனால் எங்கள் சாதியை நானே சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

அந்த அம்மா என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு மாடிமேல. இந்த வயித்த வெச்சிக்கினு படி ஏறுவியாம்மா?"

வீட்டைத் தருகிறார் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. மாமாதான் முந்திக்கொண்டார்.

"அவளால முடியலன்னா நான் தூக்கிக்கினு ஏறுவேம்மா" என்றார்.