கோமதி டீச்சர் பத்ரிக்குப் போன கோடை

முதல் பீரியட் மணி அடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஆனிச் சாரல். வகுப்பு வாசலில் வேலாயுதம் சைக்கிளைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கோமதி டீச்சருடைய கணவரின் அண்ணன் மகன் அவர். டீச்சர் அந்த வீட்டில்தான் இருந்தார்.

"அக்கா, சித்தி போயிட்டா" என்றார். "காலம்பற காப்பி போட எந்திரிச்சா. நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தா. அவ்வளவுதான்."

கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அதோடு நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல பொம்பளைக எல்லாம் கேக்காக. குளிப்பாட்டுன பெறகு நெத்தியில குங்குமம் வைக்கணுமா, வேண்டாமான்னு. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. நீங்க வந்து சொல்லணும்" என்றார்.

அவர்கள் வீடு இருக்கிற மேலகரத்துக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. நானே மஞ்சள் பூசி, நானே குங்குமம் வைத்தேன், நன்றாகப் பெரிதாக. வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. "இருபத்தேழு வருஷமாப் புருஷன் முகத்தைப் பாக்காதவளுக்கு இது என்ன கோலம்?" என்றது ஒரு குரல். "இதச் சொல்லுததுக்கு இவ யாரு?" என்றது இன்னொன்று. நான் யார் என்று அன்று சொல்லவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். டீச்சரிடம் படித்தவர்களுக்கும், கூட வேலை பார்த்தவர்களுக்கும், அன்று வாசலில் நின்று பேசிய புண்ணியவதிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

டீச்சருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் கணவர் சண்முகவேலு ரங்கூனுக்குப் போனார். ஒரு மர மில்லில் கணக்கர் வேலை. ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை, நாலைந்து பேராகக் காட்டு வழியில் நடந்து வருகிறோம் என்று எழுதியிருந்தார். அதுதான் கடைசி. கூட நடந்தவர்கள் என்று ஒருவரும் ஊர் வந்து சேரவில்லை. செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆளில்லை. டீச்சர் ட்ரெயினிங் முடித்து வேலைக்கு வந்தார். நெற்றிக் குங்குமத்தை எடுக்கவில்லை, தாலியையும் எடுக்கவில்லை.

இதை ஊர் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் கல்யாணத்தில் நானே பார்த்தேன். குங்குமத் தட்டோடு வரிசையாக வந்த பெண், கோமதி டீச்சருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். கொடுக்கவா, தாண்டிப் போகவா? பின்னாலிருந்த தாயாரைத் திரும்பிப் பார்த்தாள். தாயார் பந்தல் தூணைப் பார்த்தாள். டீச்சர் கையை நீட்டி, "தட்டை இங்கன காட்டு, தாயி. கை வலிக்கும்லா?" என்று தானே எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் சாப்பாட்டில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பன்னிரண்டு வருஷம் முடிந்ததும் விஷயம் முற்றியது. காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் கருமம் செய்துவிடுவது வழக்கம். டீச்சரின் கணவருடைய அண்ணன் சங்கரலிங்கம் அண்ணாச்சி மோசமான மனிதர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி மனைவியைப் படிக்க வைத்தவரே அவர்தான். ஆனால் அவருடைய மகன் வேலாயுதத்துக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் பத்து நாள் தாண்டவில்லை. செங்கோட்டைச் சோசியர் ஒருவர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஓர் ஆத்மா தண்ணீர் கிடைக்காமல் அலைகிறது என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் திருநெல்வேலியிலிருந்து பத்ரிநாதத்துக்குக் கிளம்பிய முப்பது பேர் கூட்டத்தில் அண்ணாச்சி தனக்கும் டீச்சருக்கும் பெயர் கொடுத்தார். டீச்சருக்குத் துணையாக, கூட வேலை பார்த்த என்னையும் சேர்த்துக்கொண்டார். அப்பா அம்மாவுக்குப் பிண்டம் போடப் போவதாகத்தான் வீட்டில் சொன்னார்.

பத்ரியில் பிரம்மகபாலம் என்று ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஒருவருக்குப் பிண்டம் வைத்துவிட்டால் அதோடு சரி. அப்புறம் திதி வேண்டாம், தர்ப்பணம் வேண்டாம். செத்தவர் செத்தவர்தான். அங்கே தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டால், டீச்சர் ஊர் திரும்பும்போது தாலி இருக்காது.

அப்போதெல்லாம் பஸ் பீப்பல்கோட்டி வரைக்கும்தான். அதற்கு மேல் நடை. முதல் நாளே டீச்சர் என்னிடம், "எதுக்குக் கூட்டிட்டுப் போறாகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காக. தெரிஞ்சுதாம்ட்டி வாறேன்" என்றார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நடக்கப் போறேன். நீயும் மூச்ச அடக்கிட்டு நட" என்றார்.

ஜோஷிமட்டத்தில் தங்கியபோது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குளிரில் உதடு வெடித்து, பேசப் பேச ரத்தம் கசிந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா கோமதி கேப்பா" என்றார். கையை விரித்துக் காட்டினார். "மூணு பிள்ளையையும் இந்தக் கையாலதான் கொண்டுபோய்ப் புதைச்சேன். இப்ப மருமக மறுபடியும் முழுகாம இருக்கா. நான் என்ன செய்ய?" அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு மறுக்கத் தெரியவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை, ஆற்றை நோக்கி இறங்குகிற பாதையில் வைத்து டீச்சரிடம் சொன்னேன். "போட்டுத்தான் விடுங்களேன், டீச்சர். அந்தப் பச்சப் பிள்ளைகளை நெனைச்சாவது." அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். கம்பை ஊன்றிக்கொண்டு முன்னே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைத்தார், என் கம்பளியை உதறிக் கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை.

பாண்டுகேசுவரம் தாண்டி ஓரிடத்தில் மலை சரிந்து பாதையை வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டிவிட்டிருந்தார்கள். மேலேயிருந்து கல் உருண்டுகொண்டே இருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் ஆறு வெள்ளை நூலாகத் தெரிந்தது. வழிகாட்டி மேலே பார்த்து விசில் அடித்தால் ஒருவர் போகலாம். நானும் டீச்சரும் கடந்துவிட்டோம். பின்னால் வந்த அண்ணாச்சி நட்டநடுவில் நின்றுவிட்டார். கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி கத்துகிறான். அண்ணாச்சி அசையவில்லை.

டீச்சர் புடவையை வரிந்து சொருகிக்கொண்டு திரும்பிப் போனார். சரிவில் அவருக்கு எதிரே போய் நின்று, "பெரியத்தான், என் முந்தியப் பிடிச்சுக்கோங்க. கீழ பாக்காதீக. என் முதுகப் பாத்துட்டே வாங்க" என்றார். ஊரில் அண்ணாச்சி முன்னால் டீச்சர் உட்காரக்கூட மாட்டார். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை மாதிரி அண்ணாச்சி வந்தார். இரண்டு பேரும் இந்தப் பக்கம் கால் வைத்த மறு நிமிஷம், ஓர் ஆட்டுக்குட்டி அளவுக் கல் அந்த இடத்தில் விழுந்து உருண்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. இவரைத்தானா நாளைக்குத் தாலியறுக்க வைக்கப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அண்ணாச்சிக்கும் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாளே.

பத்ரியில் வெந்நீர்க் குண்டத்தில் குளித்தோம், சுவாமியைக் கும்பிட்டோம். பூசை செய்கிறவர் மலையாள நம்பூதிரி என்று தெரிந்ததும் கூட்டத்தில் இருந்த, திருவிதாங்கூர்ச் சீமைச் செங்கோட்டைக்காரர்கள் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி குதித்தார்கள். என் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. பிரசாதச் சோற்றை வாங்கிக்கொண்டு பாறைக்குப் போனோம். காற்று அறைந்தது. பாறைக்குக் கீழே ஆறு இரைந்துகொண்டு போயிற்று. தெற்கத்தியாருக்கென்று இருந்த பண்டா, அதாவது அந்த ஊர்ப் புரோகிதர், அரைகுறைத் தமிழில் பெயர் கேட்டார். அண்ணாச்சி அப்பா பெயர் சொன்னார், பிண்டம் வைத்தார். அம்மா பெயர் சொன்னார், வைத்தார். தாத்தா, பாட்டி எல்லாரும் முடிந்தார்கள்.

"அப்புறம் யார்?" என்றார் பண்டா.

அண்ணாச்சி டீச்சரைப் பார்க்காமல், "தம்பி. சண்முக..." என்றார்.

"நிறுத்துங்க, பெரியத்தான்."

டீச்சர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "சோசியர் என்ன சொன்னாரு? நம்ம வீட்டுல ஒரு ஆத்மா அலையுதுன்னுதான சொன்னாரு? அது யாருன்னு பேரு சொன்னாரா?"

அண்ணாச்சி இல்லை என்று தலையை அசைத்தார்.

"தபால்காரர் வந்தா வாசலுக்கு ஓடுதேன். ரயில் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காருதேன். பன்னிரண்டு வருஷமா அந்த வீட்டுல அலையுதது நாந்தான், பெரியத்தான். எனக்குப் போடுங்க."

அண்ணாச்சி ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டார். "சுமங்கலிக்கு யாராவது பிண்டம் வைப்பாகளா? நீ என்ன பேச்சும்மா பேசுதே?" பண்டாவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் பயந்துவிட்டார். பக்கத்திலிருந்த பெரியவரிடம் போய் அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசினார். பிள்ளை இல்லாதவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்வது உண்டாம். அதில் எள் சேர்ப்பதில்லையாம். பெண்பிள்ளை வைக்கலாமா என்று இன்னொரு வாக்குவாதம். டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் பெரியவர் கையை அசைத்துவிட்டார். டீச்சர் எள் விழாத சோறாகப் பார்த்து எடுத்து உருட்டினார். தன் பெயரைத் தானே சொன்னார், வைத்தார். அண்ணாச்சி பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் தம்பிக்குக் கருமம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஆற்றில் கையைக் கழுவிவிட்டு நேரே என்னிடம் வந்தார். "செத்தவளுக்குப் பசிக்குது. சூடா என்ன கெடைக்கும்னு பாருட்டி" என்றார். இரண்டு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன். "சவத்த விடு, அழாத. நீ அண்ணாச்சி கையப் பாத்திருப்ப. நானும் பாத்தேன்" என்றார்.

அந்த வருஷமே வேலாயுதத்துக்குப் பெண் பிறந்தது, நிலைத்தது. பத்ரியால்தான் என்றார் அண்ணாச்சி. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவால்தான் என்றார் டீச்சர். அந்தப் பெண் இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு வராது, டீச்சரிடம் தலையில் குட்டு வாங்காத நாள் கிடையாது. பதினாறாம் நாள் கருமாதியைப் பற்றிக் கேட்க வந்த வேலாயுதத்திடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. "எங்களுக்காகவா அக்கா?" என்று கேட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் டீச்சரை ஏதோ நம்பிக்கையில் ஏமாந்திருந்த அப்பாவி என்று நினைத்துவிடுவீர்கள்.

போன வருஷம் சீசனில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பெரிய அருவியில் நல்ல தண்ணீர். குளித்துவிட்டு ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் கேட்டார்: "நீ என்னட்டி நெனைக்கே? அவுக இருக்காகளா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வியை அவர் என்னிடம் கேட்கிறார். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அந்த முகத்துக்கு நேரே பொய் வரவில்லை. "இல்லைன்னுதான் நெனைக்கேன், டீச்சர்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனைக்கேன்" என்றார். "பத்ரிக்குப் போறதுக்கு முந்தியே தெரியும். அந்தக் காட்டுல பிழைச்சு வர முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பின்ன ஏன் டீச்சர் அங்கன அப்படிச் செஞ்சீக?"

தலைமுடியைத் தட்டி முடிந்துகொண்டே சொன்னார். "வீட்டுக்கு வாறேன்னு எழுதிப் போட்டுட்டு ஒரு மனுசன் நடந்து வந்துட்டு இருக்காரு. வழியில என்ன ஆச்சோ, அது வேற. நான் ஒரு உருண்டைச் சோத்த வச்சு, வராதீகன்னு சொல்லணுமாக்கும்? அது என்னால ஆகாது." பிறகு, பஸ் போய்விடும், சீக்கிரம் புடவையை மாற்று என்று என்னை விரட்டினார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். போன வாரம் தென்காசி ஸ்டேஷனில் என் தங்கையை வண்டி ஏற்றிவிட நின்றபோது தெரிந்தது. கொல்லத்திலிருந்து வந்த வண்டியில் அறுபதை ஒட்டிய ஒருவர் கையில் ஒரு பையோடு தனியாக இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். நான் தங்கையை விட்டுவிட்டு அவருக்கு எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்தேன். சண்முகவேலுவின் முகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூடப் பார்த்ததில்லை. இருந்தாலும், "மேலகரத்துக்குப் போகணுமா?" என்று கேட்டேன்.