முதலாளி வீட்டு விஸ்கிக் கிளாஸ்கள்

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, நல்ல விஸ்கி கிளாஸு ஆறு வாங்கணும். கிரிஸ்டலு. ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம சரக்கு வார கப்பலு கேப்டன் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாராரு. எவர்சில்வர் டம்ளர்லயா ஊத்திக் குடுக்க முடியும்? ஆபீஸ்ல இதெல்லாம் தெரிஞ்சவன் நீ ஒருத்தந்தான்."

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கும் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்த சரக்குக்கான காகிதங்களைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸுக்கும் துறைமுகத்துக்கும் அலைவேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்குத் தோதான வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை. முதலாளி என்னைத் தெரிஞ்சவன் என்றதில் தப்பில்லை. பல வருஷம் குடித்தவன் நான். ஆனால் அவர் கூப்பிட்ட அன்று நான் குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் மூன்று தடவை நிறுத்தினேன், மூன்று தடவையும் சொல்லித் தொலைத்தேன். உடனே எத்தனை நாள் தாங்குவேன் என்று ஆபீஸில் பந்தயம் கட்டினார்கள். தோற்றவன் எல்லோருக்கும் பொரிச்ச பரோட்டா வாங்கித் தரவேண்டும். ஒரு தடவை பன்னிரண்டாம் நாளே மறுபடி குடித்துவிட்டேன். அன்றைக்கு நடந்த பரோட்டா விருந்தில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன், சிரித்துக்கொண்டே. அதனால் நாலாவது தடவை வாயைத் திறக்கவில்லை. குடிக்கக் கூப்பிட்டால், வயிற்றுப் புண், மாத்திரை ஓடுது என்று சொல்லிவிடுவேன். உண்மை தெரிந்தது என் மனைவிக்கு மட்டும்.

இப்போது முதலாளியிடம் முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். "சரி அண்ணாச்சி" என்றேன்.

இதில் இன்னொரு கூத்து, நான் கிரிஸ்டல் கிளாஸைக் கையால் தொட்டதே கிடையாது. நான் குடித்ததெல்லாம் ஒயின்ஷாப் பாரின் பிளாஸ்டிக் கப்பில். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நெளிந்து பாதி சட்டையில் கொட்டும்.

பெரிய பாத்திரக் கடை ஒன்றின் மாடிக்குப் போனேன். கல்யாணச் சீருக்கு டின்னர் செட் பார்க்க வந்த பெண்கள் கூட்டம். ஓரமாக நின்றேன். கடையில் வேலை பார்க்கும் பெண் வந்தாள்.

"என்ன சார் பாக்கீங்க?"

"கிளாஸ்."

"ஜூஸ் கிளாஸா, தண்ணி கிளாஸா?"

"இல்ல… வேற. பெரியவங்க குடிக்கிறது."

"விஸ்கி கிளாஸா? அதச் சொல்லதுக்கு ஏன் சார் இந்தப் பாடு?" என்றவள், மாடி முழுக்கக் கேட்கும்படி, "யக்கா, விஸ்கி கிளாஸு செட்டு எல்லாத்தையும் இங்கன கொண்டாங்க!" என்று கூப்பிட்டாள். டின்னர் செட் பார்த்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மேஜையில் கறுப்புத் துணி விரித்து வரிசையாக வைத்தாள். துலிப் பூ மாதிரி வாய் குறுகியது ஒன்று. வாசம் பிடித்துக் குடிப்பதற்காம். குட்டையாக, அகலமாக, சுற்றிலும் பட்டை வெட்டியது ஒன்று. ஒன்றும் வெட்டாமல் வழுவழுவென்று ஒன்று. சாதாரணக் கண்ணாடியை விரலால் சுண்டிக் காட்டினாள், 'டக்' என்றது. கிரிஸ்டலைச் சுண்டினாள். மாதா கோயிலில் பூசையின்போது பலிபீட மணி அடித்து ஓய்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனது சத்தம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாய் விளிம்பில் விரலை ஓட்டி மெலிசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

"உங்களுக்கு ஐஸ் போட்டா சார், இல்ல அப்படியேவா?" என்றும் கேட்டாள். எனக்கில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஐஸ்" என்றேன்.

"அப்ப அகலமானதுதான். கையில வச்சுப் பாருங்க."

ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தேன். பட்டை வெட்டிய ஒன்றுக்கு அடிப்பாகம் இரண்டு விரல் கனத்துக்குக் கெட்டியாக இருந்தது. பிடித்ததும் கை தானாக அடங்கியது. குடித்த நாட்களில் காலையில் முதல் கப்பைத் தூக்கும்போது என் கை எப்படி நடுங்கும் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தக் கிளாஸ் அந்த நடுக்கத்தை வெளியே காட்டாது. "இதக் குடுங்க" என்றேன். மற்றவர்கள் அழகைப் பார்த்து எடுத்திருப்பார்கள்.

பெட்டியைக் கையில் வாங்கும்போது எதிரே எங்கள் அன்பியத்தின் தலைவி நின்றார். சர்ச் பங்கில் எங்கள் தெருவின் ஜெபக் கூட்டங்களை நடத்துகிறவர். பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வீட்ல விசேஷமா?"

"முதலாளிக்கு" என்றேன். உண்மைதான். ஆனால் என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவர் வேண்டுமென்று கோள் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் நான் பெட்டியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கிளாஸு வாங்குனீங்களாமே."

"ஆபீஸுக்கு."

"ஆபீஸ்ல கேட்டா வயித்துப் புண்ணுன்னு சொல்லுதீங்க. என்ட்ட ஆபீஸுக்குன்னு சொல்லுதீங்க. நான் எதத்தான் நம்ப?"

இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு முதலாளி என்னையும் வரச் சொல்லியிருந்தார். அன்று பூசை முடிந்து வரும்போது மட்டும், "போவாம இருக்க முடியாதா?" என்று கேட்டாள். போய் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னேன்.

முதலாளி வீட்டு மாடியில் கேப்டன், முதலாளி, அவருடைய மச்சினர், ஆபீஸிலிருந்து நாங்கள் மூன்று பேர். ஆறு பேருக்கு ஆறு கிளாஸ். கேப்டன் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார், சுண்டினார். "பிரமாதம். யாரு செலக்‌ஷன்?"

முதலாளி என் தோளில் கை போட்டார். "நம்ம பயதான். வாங்குனவன் கைக்குத்தான் மொத கிளாஸு போவணும்." ஐஸ் போட்டு ஊற்றி என் கையில் கொடுத்தார்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த வாசம் அத்தனை பக்கத்தில். நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது. கிளாஸ் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. எனக்குத் திக்கென்றது. முதலாளிக்கு என்று சொல்லிக்கொண்டு, நான் குடிப்பதற்கு வசதியானதையே பார்த்து எடுத்திருக்கிறேன். ஐந்து பேரும் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். வயிற்றுப் புண் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், ஒரு வாய் குடித்தால் புண் ஆறிவிடும் என்பார்கள், நானும் குடித்துவிடுவேன் என்று தெரிந்தது.

"நான் நிறுத்திட்டேன் அண்ணாச்சி."

ஆபீஸ் ஆள் ஒருவன் தொடையைத் தட்டினான். "நாலாந்தடவ! ஏலே, பரோட்டாக் கடைக்கு இப்பமே சொல்லி வையிங்கடா!"

"எப்பருந்துலே? நேத்துலருந்தா?" என்று கேட்டார் மச்சினர்.

"பதினோரு மாசம்."

"அப்ப வயித்துப் புண்ணு?"

"இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை, என் கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதை வாங்கித் தன் கிளாஸில் கவிழ்த்துக்கொண்டு, காலியானதில் தண்ணீர் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார். "கேப்டன் முன்னாடி கைய வீசிக்கிட்டு நிக்கப்படாது. இத வச்சுக்க." ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு வந்தவன் மூன்று மணி நேரம் அந்தத் தண்ணீரோடு நின்றேன். விஸ்கி ஒட்டியிருந்ததால் தண்ணீரிலும் வாசம் இருந்தது. உதட்டில் படவிடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எல்லார்ட்டயுமா சொல்லிட்டீங்க?"

"எல்லார்ட்டயும்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே சும்மா விடமாட்டாங்களே" என்றாள்.

மறுநாளே பந்தயம் ஆரம்பமானது. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது புதன்கிழமை வந்தது. முதலாளி கூப்பிட்டு மேஜை மேல் ஒரு சாவியை வைத்தார். மாடியில் பாட்டில்கள் இருக்கும் அலமாரியின் சாவி.

"குடிக்கிறவன்ட்ட சாவி இருந்தா பாட்டில்ல தண்ணிதாம்லே மிஞ்சுது. நீதான் தொட மாட்டல்லா? இனிமே ஆளு வந்தா ஊத்திக் குடுக்கது, கிளாஸு கழுவி வைக்கது எல்லாம் உன் பொறுப்பு. வேற எவனையும் நம்ப முடியாது."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை நம்புகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று ஞாயிறு போய்க்கொண்டிருக்கிறேன். அளந்து ஊற்றுகிறேன். எல்லோரும் போனபின், அடியில் அரை வாய் மிச்சம் கிடக்கும் ஆறு கிளாஸ்களையும் மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டியில் கவிழ்க்கிறேன். பட்டைகளுக்குள் அழுக்குத் தங்கும் என்பதால் விரலை விட்டுத் தேய்க்க வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் அந்த வாசம் மறுநாள் வரை நிற்கிறது.

மனைவி என் சாவிக்கொத்தில் அந்தச் சாவியைத் தனியாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இத அங்கனயே குடுத்துட்டு வந்தா என்ன?"

"என்ன சொல்லிக் குடுக்க?"

பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கலாம். அதை அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி.