கோரைக்கு அடியில கெடந்த தண்ணி

கோரைன்னா எங்களுக்கு வயக்காட்டுச் சனியன். முதுகுளத்தூர் பக்கம் அதப் புடுங்கிப் புடுங்கியே கை காச்சுப்போகும். அந்தக் கோரையப் பாத்து எங்க சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. அத மட்டும் மறக்கவே முடியல.

போன கோடையில கம்மா சுத்தமா வத்திருச்சு. காலேஜ் லீவுல சும்மாதான கெடக்கேன்னு என்னையும் இழுத்துக்கிட்டு, ஆடுகளப் பத்திக்கிட்டு கடக்கரையில உடமுள்ளு மண்டிக் கெடக்குற உடங்காட்டுக்கு வந்துட்டாரு. மேய்ச்சல் கெடச்சுச்சு, தண்ணி இல்ல. மறுநாளே ஆடுக கத்துறத நிறுத்திருச்சுக. கத்துனாக்கூடப் பரவால்லப்பா, அந்த அமைதியத்தேன் தாங்க முடியல.

அப்பத்தேன் மணல்மேட்டுக்குப் பின்னாடி பள்ளத்துல அந்தப் பச்சை. சுத்தியும் எல்லாம் காஞ்சு கெடக்க, கோரை மட்டும் முழங்கா ஒசரத்துக்கு நிக்கிது. சித்தப்பா அதப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. நடுவுல யாரோ தோண்டுன சின்ன ஊத்து, பக்கத்துல ஒரு கொட்டாங்குச்சி. மோந்து குடிச்சா, சத்தியமா எளநி மாதிரி தண்ணி.

ஆனா சொட்டுச் சொட்டாத்தேன் ஊறுது. ஒரு ஆடு குடிச்சா அடுத்தது காத்துக் கெடக்கணும். இப்பவும் ஹாஸ்டல்ல கொழா சொட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிரும். எங்க ஊர்க் கெணத்துல தண்ணி கொறஞ்சா என்ன செய்வோம்? இன்னும் ஆழம் போவோம். எங்க பரம்பரைக்கே தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதான். சித்தப்பா கோரைய வேரோட வெட்டி எறிஞ்சாரு, மம்பட்டியப் போட்டாரு. நானும் மண்ணு அள்ளுனேன். இடுப்பளவு போனதும் குபுகுபுன்னு வந்துச்சு பாருங்க, விசிலடிச்சேன்.

சித்தப்பா நாக்குல வச்சாரு. மூஞ்சி செத்துருச்சு. உப்பு.

அந்நேரம் பாத்து கொடத்தோட வந்த மீனவக் குடும்பத்து அக்கா, வெட்டிப் போட்ட கோரையப் பாத்ததும் அலறிருச்சு. "அடப் பாவிகளா! நல்ல தண்ணி மேலாக்கத்தானய்யா நிக்கும், அடியில கடலு! ஒங்க ஊருக் கெணறுன்னு நெனச்சீகளா?"

"அக்கா, நாங்க தெரியாம..."

"பேசாதடா. எம்புள்ளைகளுக்கு இன்னைக்கு என்னத்த ஊத்த?"

சித்தப்பா பள்ளத்துக்குள்ளயே நின்னு ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சாரு. கண்ணு செவந்து தண்ணி கொட்டுது. "அம்புட்டு உப்பு இல்லலே, ஆட்டக் கொண்டா"ங்கிறாரு. சினையாட்ட இழுத்துட்டு வந்தேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. "குடி தாயி, குடி"ன்னு அது வாய்கிட்ட கைய நீட்டுறாரு.

அந்தக்கா கொடத்தக் கீழ வச்சுட்டு, பள்ளத்துக்குள்ள மணலத் தள்ள ஆரம்பிச்சுச்சு. "மூடுனாத்தேன் அடுத்த மழைக்காச்சும் நல்ல தண்ணி நிக்கும். மேல ஏறுங்கண்ணே."

சித்தப்பா ஏறல. மணலு முழங்கா வரைக்கும் வந்துருச்சு. இன்னமும் ஆட்டப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டேதான் நின்னாரு.